ஓடத் தொடங்குவோர் தூரத்தைக் கூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை ஓடிப் பழக்கமில்லாத, ஆனால் அரை மணி நேரம் சிரமமின்றி வேகமாக நடக்கக்கூடிய ஒருவர், முதலில் நிற்காமல் 5 கிலோமீட்டரும் பிறகு 10 கிலோமீட்டரும் ஓடும் நிலையை எப்படி எட்டலாம் என்பதற்கான விடைகள் இவை. வெயிலும் மழையும் சாலைகளும் ஓட்டத்தை வெகுவாகப் பாதிப்பதால், சென்னையில் ஜூன் நடுவில் தொடங்கி, ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானின் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓட விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். கோவை, மதுரை, திருச்சி வாசகர்கள் பருவகாலக் குறிப்புகளைத் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஓடத் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. எனக்கு ஓட்டம் ஒத்துவராதா?

ஒத்துவரும். பெரும்பாலானோருக்கு மூச்சு வாங்குவதற்குக் காரணம் உடல் தகுதியின்மை அன்று; தகுதிக்கு மீறிய வேகம். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடிகாலையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். புதிதாக வருபவர், புறப்பட்டுவிட்ட பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்போல் முதல் சுற்றைத் தொடங்குவார். தோள்கள் காதருகே உயர்ந்திருக்கும். விரல்கள் இறுக மூடியிருக்கும். ஒவ்வோர் அடியும் தரையை அறையும். இரண்டாவது சுற்றின் பாதியில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். அவரைக் கடந்து செல்லும் அறுபது வயதுக்காரர், உடன் வருபவரிடம் பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அந்தப் பேச்சுதான் அளவுகோல். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சுக்குத் திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். முதல் மூன்று மாதங்களுக்கு இதைவிட நல்ல கருவி வேறில்லை. விலை உயர்ந்த கடிகாரம்கூட இதற்கு ஈடாகாது.

அவ்வளவு மெதுவாக ஓடினால் நடப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? பயன் ஏதும் உண்டா?

உண்டு. நடையில் எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒரு கணம் இரு பாதங்களும் தரையை விட்டு எழும்புகின்றன. எனவே மிக மெதுவான ஓட்டத்திலும் கால் எலும்புகளும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும் இறங்கும் பாரத்தைத் தாங்கப் பழகுகின்றன. இன்னொரு புறம், மெதுவான நீண்ட ஓட்டத்தில் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, உயிர்வளியைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் திறன் வளர்கிறது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது.

இதை உலகுக்கு அழுத்தமாகக் காட்டியவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964-இல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கு ஆயத்தமான அவரையே லிடியார்ட் வாரத்திற்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் ஓட வைத்தார். அதே லிடியார்ட்தான் 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில், இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் உடல் பெருத்த நடுவயதினரையும் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓட்டிப் பழக்கினார். ஜாகிங் என்று இன்று நாம் சொல்லும் பழக்கம் அங்கிருந்துதான் அமெரிக்காவுக்குச் சென்று பரவியது. ஒலிம்பிக் வீரருக்கும் இதய நோயாளிக்கும் அடித்தளம் ஒன்றாகவே இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

முதல் வாரங்களில் என்னதான் செய்ய வேண்டும்?

ஓட்டத்தையும் நடையையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, இதை எட்டு முறை செய்தால் இருபது நிமிடம் ஆகிவிடும். கடைசியில் ஐந்து நிமிடம் சாவகாசமாக நடந்து முடிக்கலாம். வாரத்தில் மூன்று நாள் இப்படிச் செய்தால் முதல் வாரம் நிறைவுறும். அடுத்தடுத்த வாரங்களில் ஓடும் நேரம் ஒன்றரை, இரண்டு, மூன்று, ஐந்து நிமிடம் என்று நீளும். நடக்கும் நேரம் குறையும். ஒன்பது பத்து வாரங்களில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலை பெரும்பாலானோருக்கு வந்துவிடுகிறது.

ஒரு வாரத்தின் கடைசி ஓட்டம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி ஓடுங்கள். அட்டவணையைவிட இரண்டு மூன்று வாரம் பிந்துவதால் இழப்பு எதுவுமில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் எடை மிகுந்தவர்களும் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு முறை ஓடுவதே நல்லது என்பது என் கருத்து.

நடப்பது ஏமாற்று வேலை இல்லையா? நிற்காமல் ஓடினால்தானே ஓட்டம்?

இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலோவே, அதன்பின் புதியவர்களுக்கு இந்த ஓட்ட-நடை முறையைத்தான் பல பத்தாண்டுகளாகக் கற்பித்தார். இம்முறையில் முழு மாரத்தானை முடித்தவர்கள் ஏராளம். இடையில் நடக்கும் ஒரு நிமிடத்தில் மூச்சு தணிவது மட்டுமன்றி, ஆடுசதைக்கும் முழங்காலுக்கும் தொடர்ந்து விழும் அடியும் சற்று நிற்கிறது. களைத்துப்போன பிறகு நடப்பதைவிட, களைப்பு வருவதற்கு முன்பே திட்டமிட்டு நடப்பதுதான் இம்முறையின் நுட்பம்.

‘கவுச் டு 5கே’ செயலியைப் பின்பற்றுகிறேன். ஐந்தாவது வாரத்தில் தடைப்பட்டு நிற்கிறேன். ஏன்?

1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் அது. ஓட்டமே அறியாதவர்களுக்கு இன்றளவும் மிக நல்ல வழிகாட்டி. ஆனால் அதன் ஐந்தாவது வாரத்தில் ஒரு பெரிய தாவல் இருக்கிறது. இரண்டாம் நாள் எட்டு நிமிட ஓட்டம் இரண்டு முறை, நடுவில் ஐந்து நிமிட நடை. மூன்றாம் நாள் நடையே இல்லாமல் இருபது நிமிட ஓட்டம். நம்மால் முடியும் என்று காட்டுவதற்காகவே வைக்கப்பட்ட தாவல்போல் தோன்றும் இது பலருக்கு அப்படியே பயன்படுகிறது. வேறு பலரோ, குறிப்பாகச் சென்னையின் ஜூலை மாதப் புழுக்கத்தில் ஓடுபவர்கள், அங்கேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் ஒரு வாரத்தை நீங்களே நுழைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி பத்து நிமிடம். அடுத்த நாள் பன்னிரண்டும் எட்டும். அதன்பின் இருபது நிமிடம் ஓடுவது பெரிய காரியமாகத் தோன்றாது.

ஆறாவது வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது, ஆனால் கால் வலி தொடங்கிவிட்டது. எங்கே தவறு?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே விரைவில் பழகுவதில்லை. இதயமும் இரத்த ஓட்டமும் முன்னே ஓடிவிடுகின்றன. பயிற்சியின் முதல் இரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்கி, இதயத்தின் வேலையை எளிதாக்குகிறது. நான்கு முதல் ஆறு வாரத்தில் தசைகளும் தேறிவிடுகின்றன. தசைநாண்களும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக்கணக்கு.

எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் முறை சற்று விந்தையானது. புதிய பாரம் வரும்போது, பழைய எலும்புத் திசுவின் சில பகுதிகளை முதலில் கரைத்து அகற்றிவிட்டு, அந்த இடத்தில்தான் புதிதாகக் கட்டுகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டும் வேலைக்குச் சில மாதங்கள் ஆகும். ஆகவே, ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதத்தில் கணைக்கால் எலும்பு, தொடங்கிய நாளைவிடச் சில இடங்களில் வலுக் குன்றியே இருக்கக்கூடும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்ற மகிழ்ச்சியில் தூரத்தைச் சட்டென்று கூட்டுவதும் சரியாக அதே மாதத்தில்தான் நடக்கிறது. முன்பு உங்களை நிறுத்தி வைத்தது மூச்சு. இப்போது உங்களை நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரு கணக்கையும் பாருங்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிட வேகத்தில் ஓடுபவர் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,200 அடிகள் வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் பாதத்தில் இறங்குவது உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசை. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு காலும் கிலோமீட்டருக்கு 600 முறை, 140 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. தூரத்தை இரண்டு கிலோமீட்டர் கூட்டலாம் என்று எண்ணும்போது, இந்த அடிகளின் எண்ணிக்கையைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாரத்திற்கு 10 சதவீதத்திற்கு மேல் கூட்டக்கூடாது என்கிறார்களே, அது சரியா?

நல்ல எண்ணத்தில் பிறந்த விதி. ஆனால் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள இயலாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 10 சதவீத விதியின்படி 13 வாரப் பயிற்சியும், மற்றவர்களுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சியும் அளித்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி இரு பிரிவிலும் காயமுற்றவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், வேறுபாடே இல்லை.

2025-இல் வெளியான வேறோர் ஆய்வு, 5,000-க்கும் மேற்பட்டவர்களின் கடிகாரப் பதிவுகளை ஆராய்ந்து வேறொரு கோணத்தைக் காட்டியது. வார மொத்தம் கூடியதைவிட, கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைக் காட்டிலும் 10 சதவீதத்திற்கு மேல் நீளமான ஓர் ஓட்டத்தை ஒரே நாளில் ஓடியதுதான் காயத்தோடு தொடர்புற்றிருந்தது. அனுபவமுள்ளவர்கள் இதை ஏற்கெனவே உணர்ந்திருப்பார்கள். வாரம் முழுவதும் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூட்டமாக ஓடும்போது உற்சாகத்தில் ஏழு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருபவர்தான் செவ்வாய்க்கிழமை நொண்டுகிறார்.

எனவே புதியவருக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட ஓட்டம் எது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள், அடுத்த நீண்ட ஓட்டம் அதைவிட அரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவதை நிறுத்தி, சற்றுக் குறைத்து ஓடுங்கள்.

வாரத்தில் எத்தனை நாள் ஓடலாம்? தூரத்தைக் கணக்கிடுவதா, நேரத்தையா?

முதல் ஆறு மாதத்திற்கு மூன்று நாள் போதும், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்க வேண்டும். இடை நாட்களில் நடக்கலாம், நீந்தலாம், மிதிவண்டி ஓட்டலாம். நிற்காமல் அரை மணி நேரம் ஓடும் வரை நிமிடங்களை மட்டுமே கணக்கிடுங்கள். கிலோமீட்டரைக் கணக்கிடத் தொடங்கினால், நேற்றைவிட விரைவாக முடிக்க வேண்டும் என்ற ஆசை தானாகவே வந்துவிடும்.

சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் எப்படி ஓடுவது?

இங்கே வெயிலைவிடப் பெரிய தடை ஈரப்பதம். வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. ஜூன் மாதத்தில் சென்னையில் காலை ஐந்தரை மணிக்கே 27, 28 டிகிரி இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். உடல் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. இதைத் தகுதிக் குறைவு என்று எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். பெங்களூரிலோ ஊட்டியிலோ இருக்கும் உறவினரின் வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒப்பிடுவதும் முறையன்று.

புழுக்கத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஓடும் பகுதியைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். கத்திரி வெயில் காலத்தில் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஜூன் நடுவில் தொடங்குவது நல்லது என்று நான் கருதுவதற்கு இது ஒரு காரணம். ஆறரை மணிக்குள் வீடு திரும்பிவிடுமாறு புறப்படுங்கள். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்து கனத்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாலியெஸ்டர் பனியன் நல்லது. தொடையிடுக்கிலும் அக்குளிலும் உராய்ந்து புண்ணாகாமல் இருக்க வாசலைனைத் தடவிக்கொள்ளலாம்.

தலைச்சுற்றல், குமட்டல், தோல் சில்லிடுதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி, நிழலுக்குப் போய், தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். பேச்சோ நினைவோ தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டிய அவசர நிலை.

தண்ணீர் எவ்வளவு குடிப்பது? ஓடும் முன் சாப்பிடலாமா?

ஒரு மணி நேரத்திற்குக் குறைவான ஓட்டத்தில் இடையில் குடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தாகம் எடுத்தால் குடியுங்கள். ஓடி முடித்த பின் உப்புப் போட்ட நீர்மோர் மிக நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் நாம் பெரும்பாலும் இழக்கும் சோடியம் அதில் குறைவு. எனவே இளநீர் குடித்தவர்கள் காலை உணவில் உப்பைத் தவிர்க்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

அரை மணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறு போதும். பசி தாங்காதவர்கள் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிட்டுப் புறப்படலாம். முந்தைய இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டவருக்கு மறுநாள் காலை விலாவில் குத்தல் எடுத்தால் வியப்பதற்கில்லை. குத்தல் வந்தால் வேகத்தைக் குறைத்து, மூச்சை ஆழமாக வெளியே விட்டு, குத்தும் இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிறிது தூரம் நடங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஓடலாமா?

மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தாராளமாக ஓடலாம். ஓட்டம் இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறனைக் கூட்டுகிறது. ஆனால் இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு ஓடும்போதும் ஓடிச் சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஓடுமுன் சோதித்துக்கொள்ளுங்கள், சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள், தனியாக ஓடாதீர்கள். மருந்தின் அளவை மாற்றுவதென்றால் அதை மருத்துவரே செய்ய வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கொப்புளம் வந்ததே அவர்களுக்குத் தெரியாமல் போகக்கூடும்.

தொடங்கும் முன் வேறு யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வருபவர்கள், காரணமின்றி மயங்கி விழுந்தவர்கள், உயர் இரத்த அழுத்தமுள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள். நாற்பதைத் தாண்டிய, பல ஆண்டுகளாக உட்கார்ந்தே வேலை செய்யும் எவரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நெஞ்சில் இறுக்கம் வந்தால் அதை வாயு என்று சொல்லிப் புறந்தள்ளும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஓட்டத்தின்போது வரும் இறுக்கத்தை ஒருபோதும் அப்படி விடாதீர்கள்.

எங்கே ஓடுவது? கடற்கரை மணல் முழங்காலுக்கு நல்லதா?

உலர்ந்த மணலில் குதிகால் ஆழமாகப் புதைவதால் ஆடுசதையும் குதிநாணும் மிகுதியாக இழுபடுகின்றன. புதியவர்களுக்கு அது வேண்டாம். அலை நனைத்த கெட்டி மணல் மென்மையாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் இறங்கும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலைவிட அதை ஒட்டிய நடைபாதையே மேல். பூங்காவில் ஓடினால் சிறிய சுற்று என்பதால் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் வளைய வேண்டியிருக்கும். கூட்டம் அனுமதித்தால் பாதி நேரம் எதிர்த்திசையில் ஓடுங்கள். கோவை ரேஸ் கோர்ஸ் போன்ற நீண்ட சுற்று கிடைத்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சாலையில்தான் ஓட வேண்டுமென்றால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக ஓடுங்கள், வெளிர்நிறச் சட்டை அணியுங்கள், காதில் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல் மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். அடியில் திறந்த வடிகாலோ அறுந்த மின்கம்பியோ இருக்கலாம். இடியும் மின்னலும் உள்ள நாளில் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம்.

எப்படிப்பட்ட ஷூ வாங்குவது?

ஓட்டத்துக்கென்று செய்யப்பட்ட, போட்டு நாலடி ஓடிப் பார்த்தவுடன் உறுத்தாத எந்த ஷூவும் போதும். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குச் செல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி தளர்ந்துவிடும். விலைக்கும் காயத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த வலியோடு ஓடலாம், எந்த வலியோடு ஓடக்கூடாது?

இரு கால்களிலும் ஒரேபோல் பரவலாக, தொட்டால் கனமாகத் தெரியும் தசைவலி இரண்டு நாளில் தணியும். ஐந்து நிமிடம் நடந்ததும் அது குறைந்தால் மெதுவாக ஓடலாம். ஒரு காலில் மட்டும் வரும் வலி, ஓட ஓடக் கூடும் வலி, நடையையே மாற்றிவிடும் வலி ஆகியவற்றோடு ஓடக்கூடாது.

முன்கணைக்கால் வலி புதியவர்களுக்கு அடிக்கடி வருவது. கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விரல் நுனியால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க முடியாமல் போனாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது உண்டு, ஆகவே எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி மறுபடி ஓடிவிடாதீர்கள்.

காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது உள்ளங்கால் சவ்வின் வலி. முழங்கால் சில்லைச் சுற்றி, குறிப்பாக மாடிப்படி இறங்கும்போது வரும் வலிக்குத் தொடையும் இடுப்பும் வலுவில்லாமல் இருப்பது பெரும்பாலும் ஒரு காரணம். இவ்விரண்டுக்கும் முழு ஓய்வைவிடக் குறைந்த ஓட்டமும் வலுவூட்டும் பயிற்சியும் பயன்தரும்.

அந்த வலுவூட்டும் பயிற்சி என்ன? ஜிம்முக்குப் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று தடவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோன்ற ஸ்குவாட் பத்துப் பத்தாக. ஒரு காலில் நின்றபடி பல் துலக்குவதுகூடக் கணுக்காலுக்குப் பயிற்சிதான். ஓட்டமில்லாத இரண்டு நாட்களில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

சில உண்டு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பத்து வாரம் ஒழுங்காக ஓடியும் மூச்சிரைப்பு குறையவில்லை, எப்போதும் அசதியாக இருக்கிறது என்றால், மன உறுதி போதவில்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாமல் ஹீமோகுளோபினையும், உடலில் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சோதித்துப் பாருங்கள். சரியான அளவுள்ள ஸ்போர்ட்ஸ் பிரா, ஷூவுக்கு இணையான தேவை. மாதவிடாய் நாட்களில் உடல் இடம் கொடுத்தால் ஓடலாம். ஓடத் தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போனால், ஓட்டத்திற்கேற்ற உணவு கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மகப்பேற்றுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து, சிறுநீர்க் கசிவோ அடிவயிற்றில் பாரமோ இல்லாத நிலையில் மட்டும் ஓட்டத்துக்குத் திரும்பலாம்.

காய்ச்சலால் இரண்டு வாரம் ஓடவில்லை. விட்ட இடத்திலிருந்தே தொடரலாமா?

ஒரு வாரத்துக்குக் குறைவான இடைவெளி என்றால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் பாதித் தூரத்திலிருந்து, நடையைச் சேர்த்துத் தொடங்குங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கக்கூடியவை. டெங்குவுக்குப் பிறகு அசதி பல வாரம் நீடிக்கும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுவலி மாதக்கணக்கில் இருப்பதும் உண்டு. இவ்விரண்டிலும் நடை மட்டுமே, மருத்துவர் சொல்லும் வரை.

எடை குறையுமா?

ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. ஓட்டம் முடிந்து கூட்டமாக உணவகத்துக்குப் போனால் பத்து நிமிடத்தில் அது திரும்பிவிடும். எடை முக்கியமாகச் சாப்பாட்டைப் பொறுத்தது.

அரை மணி நேரம் ஓடுகிறேன். 10 கிலோமீட்டருக்கு எப்படிப் போவது?

அரை மணி நேரத்தில் புதியவர்கள் பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு கிலோமீட்டர் ஓடுவார்கள். ஜூன் நடுவில் தொடங்கியவர் செப்டம்பர் தொடக்கத்தில் இங்கே இருப்பார். அந்த மாதம் முழுவதும் வாரம் ஒரு ஓட்டத்தை மட்டும் சிறிது சிறிதாக நீட்டி 5 கிலோமீட்டருக்குக் கொண்டுவரட்டும். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஐந்தரை, ஆறு, ஆறரை என்று போய், நான்காவது வாரம் ஐந்துக்கு இறங்கும். பிறகு ஏழு, ஏழரை, எட்டு. மறுபடி ஆறுக்கு இறக்கம். பிறகு எட்டரை, ஒன்பது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஐந்து. வார நடுவில் வரும் இரண்டு ஓட்டங்கள் மூன்று, நான்கு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். மழையில் இரண்டு ஞாயிறு தவறினாலும் டிசம்பர் இறுதிக்குள் இது முடிந்துவிடும். பயிற்சியில் ஒன்பது ஓடியவர் பந்தயத்தில் பத்து ஓடிவிடுவார். அந்தக் கடைசி கிலோமீட்டரை முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நீண்ட ஓட்டம் வேகமான ஓட்டமாக மாறிவிடக்கூடாது. ஒன்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி பதினைந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடந்தாலும் நல்லதே.

பந்தய நாளில் என்ன செய்வது? அடுத்து அரை மாரத்தானா?

புதிய ஷூ, புதிய உடை, புதிய உணவு எதையும் அன்று முயலாதீர்கள். ஜனவரி அதிகாலையின் குளிரிலும் கூட்டத்தின் ஆரவாரத்திலும் முதல் இரண்டு கிலோமீட்டர் உங்களை அறியாமலே வேகமாகப் போகும். அந்த இரண்டையும் பயிற்சி வேகத்தைவிடச் சற்று மெதுவாக ஓடி, ஏழாவது கிலோமீட்டர் வரை அப்படியே வைத்திருந்து, தெம்பு மிச்சமிருந்தால் அதன்பின் கூட்டுங்கள்.

அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர், பத்தின் இரு மடங்குக்கும் மேல். எலும்பும் தசைநாணும் பழகும் காலத்தை மேலே சொன்னேன். ஜனவரியில் 10 கிலோமீட்டர் முடித்தவர் பிப்ரவரி முழுவதும் தூரத்தைக் கூட்டாமல் வாரம் மூன்று நாள் ஓடட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு, ஏழு கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தை விடாமல் வைத்துக்கொண்டு, ஜூனிலிருந்து மறுபடி அரை அரை கிலோமீட்டராகக் கூட்டினால், அதற்கடுத்த ஜனவரியில் அரை மாரத்தானின் தொடக்கக் கோட்டில் காயமின்றி நிற்கலாம்.